உங்கள் சத்துமாவு விற்காமலிருக்கச் சில உறுதியான வழிகள்

முதலில் வாழ்த்துகள். வேலையை விட்டாச்சு, பி.எஃப். பணத்தை எடுத்தாச்சு, வீட்டு நகையில் பாதி லாக்கரிலிருந்து அடமானத்துக்கு இடம் மாறியாச்சு. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஷெட் பிடித்து, அரவை மெஷின் போட்டு, 32 வகை தானியம் கலந்த சத்துமாவையும் உருவாக்கிவிட்டீர்கள். இனி அதை எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். விற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லத்தான் நாதியில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு.

விற்காமலிருக்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, சரக்கையே பார்த்துக்கொண்டிருப்பது. மற்றது, வாடிக்கையாளரையே பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பது. எம்.பி.ஏ. வகுப்பில் இவை எதிரெதிர்க் கட்சிகள். பரீட்சையில் 'வேறுபடுத்துக' என்று கேள்வி வரும், மாணவர்கள் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதுவார்கள். கவலை வேண்டாம். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் சரக்கு ஷெட்டிலேயே தங்கும்.

பழைய பாதையிலிருந்து தொடங்குவோம்.

தானியங்களை எண்ணுங்கள். பக்கத்து ஊர்க்காரர் 28 வகை போட்டால் நீங்கள் 32. அவர் 36-க்குப் போனால் நீங்கள் 41. கேட்கிறவரிடம் ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாகச் சொல்லுங்கள். கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி வரைக்கும் தலையாட்டுவார். கறுப்புக் கவுனியில் மரியாதையாகச் சிரிப்பார். மாப்பிள்ளைச் சம்பா வரும்போது கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார். அங்கேதான் நிறுத்தக் கூடாது. எந்தத் தானியத்தை எத்தனை மணி நேரம் ஊறவைத்தீர்கள், முளை எத்தனை மில்லிமீட்டர் வந்ததும் காயவைத்தீர்கள் என்பதையும் சொல்லி முடித்த பிறகே விலையைச் சொல்ல வேண்டும். அதற்குள் அவர் போயிருந்தால் அவருக்கு ஆரோக்கியத்தில் அக்கறையில்லை என்று பொருள்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் உங்கள் தாத்தா படம். தாத்தா ஆயுள் முழுக்க இட்லிதான் சாப்பிட்டார் என்பது குடும்பத்துக்குள் இருக்கட்டும். 'பாரம்பரிய', 'இயற்கை', 'கைப்பக்குவம்' ஆகிய மூன்று சொற்களும் தாத்தாவைச் சுற்றி இருக்க வேண்டும். மாவை எப்படிக் கரைப்பது என்ற குறிப்பைப் பின்பக்கம், கவர் மடிந்து ஒட்டும் இடத்தில், பேட்ச் நம்பருக்குக் கீழே போடுங்கள். அது ஒன்றுதான் வாங்குகிறவருக்கு வேண்டிய தகவல், ஆகவே அதற்கு மிகச் சின்ன எழுத்துப் போதும்.

இந்தப் பாதைக்கு மூலவர் ஒருவர் உண்டு: ஹென்றி ஃபோர்டு. 1908-இல் அவர் விட்ட மாடல் டி காரைப் பற்றி எல்லாரும் தப்பாகவே சொல்லிவருகிறார்கள், கறுப்பு நிறம்தான் தருவேன் என்று ஆரம்பத்திலிருந்தே அடம்பிடித்தார் என்று. ஆரம்பத்தில் வேறு நிறங்களும் இருந்தன. 1914 வாக்கில்தான் உற்பத்தி வேகத்துக்காக எல்லாம் கறுப்பாயிற்று. 850 டாலருக்கு விற்ற காரை 300 டாலருக்கும் கீழே கொண்டுவந்தார். அன்றைய அமெரிக்க விவசாயிக்கு வேண்டியதும் அதுதான். விலை குறைவு, மேடுபள்ளத்தில் ஓடும், ஸ்பேனர் இருந்தால் தானே சரிசெய்துகொள்ளலாம். அந்த ஃபோர்டு சரக்கைப் பார்த்தாரா, வாங்குகிறவரைப் பார்த்தாரா என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. ஆகவே 1908-இன் ஃபோர்டு நமக்கு உதவ மாட்டார்.

நமக்கு வேண்டியது 1925-இன் ஃபோர்டு. அதற்குள் அமெரிக்கர்களிடம் கார் வந்துவிட்டது. வாங்குகிறவர் இரண்டாவது காருக்கு அலைகிறார். ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் அவரவர் பைக்கு ஏற்ற கார், வருஷத்துக்கு ஒரு புது உருவம், கண்ணைப் பறிக்கும் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக மாதத் தவணை என்று கடை விரித்துவிட்டார். ஃபோர்டு அசையவில்லை. என் கார் நல்ல கார், இன்னும் விலை குறைக்கிறேன், வேறென்ன வேண்டும் என்றார். 1927 மே மாதம், ஒன்றரைக் கோடி கார் செய்த பிறகு, மாடல் டி-யை நிறுத்தி, அடுத்த மாடலுக்காகத் தொழிற்சாலையை மாதக்கணக்கில் மூடிவைக்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் சரியாக இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அடுத்து, எக்காரணம் கொண்டும் உங்கள் சரக்கை யாராவது பயன்படுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிடாதீர்கள். இது முக்கியமான விதி. ஏன் என்று சொல்கிறேன்.

காலை ஏழு பத்து. ஒரு அடுப்பில் தோசைக்கல், இன்னொன்றில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அந்த அம்மா உங்கள் மாவில் இரண்டு கரண்டி எடுத்து நேராகக் கொதிநீரில் கொட்டுகிறார். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பு மடிப்புக்குள் இருக்கிறதே. மாவு சட்டென்று கட்டி தட்டுகிறது. கரண்டியின் முதுகால் ஒவ்வொரு கட்டியாகப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்குகிறார். நசுங்கிய கட்டிக்குள்ளிருந்து நனையாத மாவு எட்டிப் பார்க்கிறது. இதற்குள் தோசை தீய்கிறது. வாசலில் ஸ்கூல் வேன் ஹார்ன். பையன் ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கில் மாட்டியதை விரலால் எடுத்து டம்ளர் விளிம்பில் ஒட்டிவைக்கிறான். டம்ளர் சிங்க்குக்குப் போகிறது. அம்மா பாக்கெட்டின் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, மேல் தட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் தள்ளுகிறார். வண்டு வைக்கும் வரை அது அங்கேயே இருக்கும். அன்று மாலை அவர் வாங்கிவருவது விளம்பரத்தில் வரும் ஏதோ ஒரு பானப் பொடி. அதில் எத்தனை தானியம் என்று அவர் பார்க்கவில்லை. சூடான பாலில் போட்டால் கரைகிறது.

இதையெல்லாம் பார்த்துத் தொலைத்தால் என்ன ஆகும்? தானியத்தைக் குறைத்து, வறுவலை மாற்றி, மாவை இன்னும் நைஸாக அரைத்துச் சலித்து, 'கட்டி தட்டாது' என்று முன்பக்கம் போடலாமே என்று புத்தி போகும். தாத்தா படம் இருந்த இடத்திலா? கூடவே கூடாது.

இப்படிப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் உண்டு. மும்பையில் சீமென்ஸ் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்பவர் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்சி இருந்தது. ஐரோப்பியச் சமையலறைக்குச் செய்த சாமான். நம் வீட்டு உளுந்தையும் காய்ந்த மசாலாவையும் போட்டதில் மோட்டார் புகைந்து போயிற்று. மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? மெதுவாக அரைக்கக் கூடாதா என்று மனைவியைத் திட்டியிருக்க வேண்டும். உலகத்தின் பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்தன. இவர் மசாலாவைத் தாங்கும் மோட்டாரைச் செய்ய உட்கார்ந்துவிட்டார். 1960-களில் வந்த சுமீத் மிக்சி அப்படிப் பிறந்தது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் எத்தனை வீடுகளில் ஓய்வு கிடைத்தது என்பது நம் அம்மாக்களுக்குத் தெரியும்.

சீனாவில் இன்னும் மோசம். சிச்சுவான் பக்கத்து விவசாயிகள் வாஷிங் மெஷினில் துணியோடு நிற்காமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் போட்டுக் கழுவினார்கள். மண் அடைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் கெட்டது. ஹையர் கம்பெனிக்குப் புகார் போயிற்று. 'துணிக்கு மட்டும்' என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருந்தால் அஞ்சு காசு செலவில் முடிந்திருக்கும். அவர்களோ குழாயைப் பெரிதாக்கி, கிழங்கும் கழுவும் வாஷிங் மெஷின் என்று ஒன்றையே செய்து விற்றார்கள்.

நாம் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி 1994-இல் இந்தியாவுக்குள் வந்தபோதைய கெல்லாக்ஸ். கார்ன்ஃபிளேக்ஸ் மொறுமொறுவென்று இருக்கும் என்பதுதான் பெருமை. அது அமெரிக்காவில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஊற்றும்போது. நம் வீட்டில் பால் என்றால் காய்ச்சியது. காலையில் பிள்ளைக்குச் சில்லென்று பால் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி ஒருவர் எழுந்து வருவார். சூடான பாலை ஊற்றியதும் மொறுமொறு சொதசொதவாயிற்று. தேசம் முழுக்கத் தன் பாலை ஆறவைக்கும் என்று எதிர்பார்க்கும் அந்தத் தன்னம்பிக்கைதான் நமக்கு வேண்டும். என்ன, பிற்பாடு அவர்களும் மனம் தளர்ந்து, சுவையையும் பாக்கெட் அளவையும் இங்கத்திய வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் தளரக் கூடாது.

கடைக்காரர்களிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் பாதையில் பெரிய அபாயம் மளிகைக் கடை அண்ணாச்சி. உங்கள் வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அவர் தினம் நூறு பேரைப் பார்க்கிறார். பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, 32 வகை தானியம்."

"சரி தம்பி. அரைக் கிலோ மட்டும்தான் இருக்கா?"

"அரைக் கிலோ, ஒரு கிலோ. ஒரு கிலோ வாங்கினா சேவிங்ஸ்."

"சின்னது இல்லியா? ஒருக்கா காய்ச்சிப் பாக்குற மாதிரி, பத்து ரூவாய்க்கு, சரமா தொங்கவிடுற மாதிரி? புள்ளை குடிக்குமான்னு தெரியாம அரைக் கிலோ யார் வாங்குவா? எக்ஸ்பயரி ஆனா ரிட்டன் எடுப்பியளா?"

இந்த மூன்று கேள்விக்கு ஒரு கன்சல்டன்ட் லட்ச ரூபாய் பில் போடுவார். அண்ணாச்சி சும்மா கொடுக்கிறார். சும்மா வருவதற்கு மதிப்பில்லை என்பதால் காதில் வாங்காமல், பேக்கிங்கில் இருக்கும் நைட்ரஜன் பற்றி விளக்கத் தொடங்குங்கள்.

அண்ணாச்சி சொன்ன அந்தச் சரத்துக்குப் பின்னால் கடலூர்க் கதை ஒன்று இருக்கிறது. பாட்டிலில் அடைத்துப் பணக்கார வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்துக் கூலிக்குப் போகிறவரும் வாங்கட்டும் என்று நினைத்தவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பிறகு கவின்கேர் ஆன கம்பெனி அதுதான். அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனை நடுவில் உட்காரவைத்துத் தலையில் ஷாம்பூ போட்டுக் காட்டினார்கள். அலசிய முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ரசாயன விளக்கம் எதுவும் கிடையாது. காலி உறை ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள், எந்தக் கம்பெனி உறையானாலும் சரி என்று. ஜனம் மற்ற கம்பெனி உறைகளைக் கொண்டுவந்து கொட்டி, சிக் எடுத்துப் போய்ப் பழகிய பிறகு, இனி சிக் உறை மட்டும் என்று மாற்றினார்கள். ஷாம்பூவில் என்ன இருக்கிறது என்று அவர் பெருமையடிக்கவில்லை. முதலில் பார்த்தது ஒரு கூலிக்காரரின் ஒரு நாள் காசுக்குள் அது அடங்குகிறதா என்பதைத்தான். ஷாம்பூ செய்கிறவருக்கு இது அவமானம் இல்லையா?

இத்தனைக்குப் பிறகும் நாலு பாக்கெட் விற்றுவிட்டால் பதற வேண்டாம். அவை உறவினர்கள் வாங்கியவை. விற்காதவற்றுக்கு மட்டும் காரணம் சொல்லிக்கொள்ளுங்கள்: மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை.

தியடோர் லெவிட் என்று ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் 1960-இலேயே இந்தப் பாதையைக் கெடுக்கப் பார்த்தார். அமெரிக்க ரயில் கம்பெனிகள் தங்கள் தொழில் ரயில் விடுவது என்று நினைத்தன, ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்ப்பது என்று நினைக்கவில்லை, அதனால் காருக்கும் லாரிக்கும் விமானத்துக்கும் வாடிக்கையாளர்களைக் கொடுத்துவிட்டு நின்றன என்று எழுதினார். மார்க்கெட்டிங் கிட்டப்பார்வை என்று அதற்குப் பெயரும் வைத்தார். அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எல்லாம் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டாவது பாதைக்கு ஓடினார்கள். ஓடியவர்களில் பலர் கண்ணாடியை மாட்டியதோடு சரி, எதையும் பார்க்கவில்லை. நாமும் அங்கே போவோம்.

இரண்டாவது பாதையில் சேர முதல் தகுதி, ஸ்டார் ஹோட்டலில் இரண்டு நாள் பயிலரங்கு. திரும்பி வந்ததும் ஷெட்டில் ஒரு பலகை மாட்டுங்கள். வாடிக்கையாளர்தான் நம் வளாகத்துக்கு வரும் முக்கியமான விருந்தினர், அவர் நம்மைச் சார்ந்தில்லை, நாம்தான் அவரைச் சார்ந்திருக்கிறோம் என்கிற அர்த்தத்தில் காந்தி படத்தோடு வங்கி வங்கியாகத் தொங்குமே, அது. காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. முதல் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வேதவாக்கு உண்டு. ஜனங்களைக் கேட்டிருந்தால் இன்னும் வேகமான குதிரைதான் கேட்டிருப்பார்கள் என்று ஃபோர்டு சொன்னதாக. அவர் சொன்னதற்கும் ஆதாரம் இல்லை. இரண்டு கட்சியும் தங்கள் கொள்கையை, அதைச் சொல்லாத இரண்டு பெரிய மனிதர்கள் தலையில் கட்டியிருப்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். பலகையை வாசலில் மாட்டிவிட்டு, வாடிக்கையாளர் போன் செய்தால் எடுக்க ஆள் வைக்காமல், ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று மெஷினை வைத்துவிடுங்கள்.

பிறகு கேள்வி கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். 2003-இல் ஃபிரெட் ரெய்க்கெல்ட் என்ற ஆலோசகர், இதை உங்கள் நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா, பத்துக்கு எத்தனை மார்க் என்ற ஒரே கேள்வி போதும் என்று எழுதிவைத்தார். அன்றிலிருந்து உலகத்தில் யாரும் பல் துலக்கிவிட்டு மார்க் போடாமல் நகர முடியவில்லை. எங்கள் தெருவில் வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வரும் பையன், வேலை முடிந்ததும் போனை நீட்டி, "சார், அஞ்சு ஸ்டார் போட்டுருங்க, நாலு போட்டாலும் எனக்கு இன்சென்டிவ் கட்" என்கிறான். மெஷின் இன்னும் சத்தம் போடுகிறது. அவன் முகத்தைப் பார்த்து அஞ்சு போடுகிறோம். கம்பெனியின் தலைமையகத்தில் எங்கள் தெரு பூரண திருப்தியோடு வாழ்கிறது.

இந்தக் கேள்வி முறையில் உச்சம் தொட்டது கோக கோலா. பெப்சி இனிப்பாக இருக்கிறது என்று ஜனம் அந்தப் பக்கம் சாய்வதைப் பார்த்து, புதிய கலவை ஒன்றைத் தயாரித்து, ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குப் பெயர் சொல்லாமல் குடிக்கக் கொடுத்துக் கேட்டார்கள். பெரும்பாலோர் புதியதே நன்றாக இருக்கிறது என்றார்கள். 1985 ஏப்ரல் 23-ஆம் தேதி பழையதை நிறுத்திப் புதியதை விட்டார்கள். அமெரிக்காவே கொதித்தது. நாள் ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேர் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். 79 நாளில் பழைய கோக் திரும்பி வந்தது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை, ருசியைத்தான் கேட்டார்கள், பதிலும் நிஜம்தான். "சின்ன வயதிலிருந்து குடிக்கிறதை இனி கிடைக்காமல் செய்துவிட்டு இதைத் தரப்போகிறோம், சரியா?" என்ற கேள்விக்கு அந்தக் குட்டிக் கப்பில் இடமில்லை. உங்கள் சத்துமாவுக்கும் இப்படியே செய்யுங்கள். பிளாஸ்டிக் கப்பில் நீங்களே பக்குவமாகக் காய்ச்சி, வெல்லமும் ஏலக்காயும் போட்டு, கண்காட்சியில் நிற்கிறவர்களுக்குக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ஓசியில் கொடுத்ததை முகத்துக்கு நேரே நன்றாயில்லை என்று சொல்லும் மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பதில்களை வைத்து 10 டன் அரைத்துவிடலாம்.

கேட்டது ஒன்று, செய்தது ஒன்று என்பதும் நல்ல முறை. மறுபடியும் ஃபோர்டு கம்பெனிதான். இந்தக் குடும்பம் இரண்டு பாதைக்கும் உழைத்திருக்கிறது. 1957-இல் வந்த எட்செல் காருக்கு முன் வாடிக்கையாளரின் மனசுக்குள் போய் ஆராய்ச்சி செய்தார்கள். பெயருக்கு ஆயிரக்கணக்கில் யோசனைகள். மரியன் மூர் என்ற பெரிய கவிஞரிடமே கேட்டார்கள். அவர் தந்த பெயர்களில் ஒன்று 'யுட்டோப்பியன் டர்ட்டில்டாப்', லட்சிய உலகத்து ஆமைமுதுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலாளி வீட்டில் காலமான மகன் பெயரை வைத்தார்கள். கியர் பொத்தான்களை ஸ்டியரிங்கின் நடுவில், எல்லாரும் ஹார்னுக்குக் கை வைக்கும் இடத்தில், பதித்தார்கள். 1959 நவம்பரில் கதை முடிந்தது. நஷ்டம் 25 கோடி டாலர் என்பார்கள். கவிஞரின் ஆமை பிழைத்திருக்கும் என்பது என் கட்சி.

இரண்டு பாதையும் சந்திக்கும் இடத்தில் டாடாவின் நானோ கார் நிற்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் கையேட்டில் சேர்க்காமல் முடியாது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த எண்ணம் வந்தது. கணவன், மனைவி, முன்னால் நின்றபடி ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை. இதைவிட வாடிக்கையாளரைப் பார்ப்பது எப்படி? 2008 ஜனவரியில் டில்லியில் காரைக் காட்டினார்கள், லட்ச ரூபாய் என்று. இன்ஜினியர்கள் நிஜமாகவே வித்தை செய்திருந்தார்கள். ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட், 624 சி.சி. இன்ஜின் பின்னால். பெட்ரோல் போட முன்பக்க பானெட்டைத் திறக்க வேண்டும். பின்கதவு திறக்காது. முன்பதிவு 2 லட்சத்தைத் தாண்டியது. தொழிற்சாலை சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்கு மாறியதில் பல மாதம் போயிற்று, சில கார்கள் தீப்பிடித்த செய்தி வந்தது, அதெல்லாம் உண்டு.

அந்தக் குடும்பத்தின் நனைந்த சட்டையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு பால்கனியைப் பார்க்கவில்லை. நம்மூரில் முதல் கார் வாங்குவது போக்குவரத்துக்கு மட்டுமா? பூ சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில் வாசலில் நிறுத்தி, மச்சினன் வீட்டுக்கு ஒரு நடை ஓட்டிப் போய்விட்டுத்தான் மற்றதெல்லாம். அந்த நேரத்தில் 'உலகத்திலேயே மலிவான கார்' என்று ஊரே அதற்குப் பேர் வைத்திருந்தால், மச்சினன் டீ கொடுக்கும்போதே சிரிப்பான். ஸ்கூட்டர்காரர் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கிப் பழைய மாருதி எடுத்தார். மலிவு என்ற முத்திரை தப்பாகிவிட்டது என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018 ஜூன் மாதம் முழுக்க ஒரே ஒரு நானோதான் தயாரானது.

இந்தக் கையேட்டுக்குப் பகையான ஆட்களையும் சொல்லிவிட வேண்டும், ஜாக்கிரதையாக இருக்க. 2003-இல் நோக்கியா 1100 வந்தது. கேமரா கிடையாது, கலர் கிடையாது. டார்ச் உண்டு, தூசி நுழையாத கீபேடு உண்டு, வியர்த்த கையில் வழுக்காத உடம்பு உண்டு. கரண்டு போன வீட்டில், வயலுக்கு ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில், லாரி டிரைவர் கையில் இருக்கப்போவது என்று யாரோ நின்று பார்த்துச் செய்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதே கம்பெனி, நாலு வருஷத்தில் ஐபோன் வந்தபோது எதிரே நடப்பதைப் பார்க்காமல் விட்டு, 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் ஆலையையும் மூடியது. ஒரு தடவை பார்த்தவர்கள் எப்போதும் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், நமக்கும் நம்பிக்கை உண்டு.

ஓசூர் டி.வி.எஸ்.காரர்கள் 1980-இல் இரண்டு பேர் உட்காரும் மொபெட் என்று டி.வி.எஸ். 50-ஐ விட்டார்கள். நம் ஜனம் அதில் இரண்டு பேரா உட்கார்ந்தது? பால் கேன், மீன் பெட்டி, கோழிக்கூடை, சாணிக்கூடை, கட்டில் மேல் கட்டிலாக நாலு கட்டில். கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த எக்ஸ்.எல். வண்டியில் பின் சீட்டைக் கழற்றி மாட்டும்படி செய்துகொடுத்துவிட்டது, வைத்துக்கொள் உன் மூட்டையை என்று.

சோனியின் வாக்மேனைச் சிலர் எதிர்வாதமாகக் கொண்டுவருவார்கள். 1979-இல், ரெக்கார்டு செய்ய முடியாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார் என்று எல்லாரும் கேட்டும் விட்டு ஜெயித்தார்களே, யாரைக் கேட்டார்கள் என்பார்கள். நீண்ட விமானப் பயணத்தில் பாட்டுக் கேட்க ஏதாவது வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அந்தக் கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான மசாரு இபுக்கா. செய்தவர் வீட்டிலேயே முதல் வாடிக்கையாளர் இருந்தார். நீங்கள் உங்கள் சத்துமாவைத் தினம் காலையில் குடிக்கிறீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை, சங்கடமான கேள்வி.

இவ்வளவு படித்த பிறகும் விற்றே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் சிலர் இருப்பீர்கள். தெரிந்த வீடு நாலில், பள்ளிக்கூட நாளில், காலை ஏழு மணிக்கு முன்னால் போய் ஓரமாக உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். தானியப் பட்டியல் வேண்டாம், மார்க் போடச் சொல்ல வேண்டாம், கரண்டியைப் பிடுங்கி இப்படிக் கிண்டுங்கள் என்று காட்டவும் வேண்டாம். அவர்கள் பாட்டுக்குக் கிண்டட்டும். திரும்பும் வழியில் அண்ணாச்சி கடையில் நின்று, அந்தப் பத்து ரூபாய்ச் சரம் எந்த அளவில் வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அச்சடித்த பத்தாயிரம் கவர் வீணாகுமே என்றால், ஆகும். எடைக்குப் போட்டுவிடுங்கள்.